பான் நகரத்துப் பற்றுக் கணக்கு

ரைன் நதியின் இடக்கரையில், பழைய பிரபுக்களின் அரண்மனையாக எழும்பி 1818-ஆம் ஆண்டு முதல் சர்வகலாசாலையாக விளங்கிவரும் நீண்ட மஞ்சள் கட்டடமும், அதன் முன்னே மரவரிசைகளுக்கு நடுவே விரிந்து கிடக்கும் ஹோஃப்கார்டன் என்னும் புல்வெளியும், பான் நகரத்துக்குப் போகிறவர்கள் கண்ணில் படாமல் இரா. நம்மவர்க்கு அந்தக் கட்டடத்தோடு ஒரு பழைய உறவும் உண்டு. ஜெர்மன் தேசத்தில் சம்ஸ்கிருதத்துக்கென்று முதல் ஆசிரியர் பீடம் ஏற்பட்டது அங்கேதான். அதில் அமர்ந்த ஷ்லேகல், தேவநாகரி அச்செழுத்துக்களைப் பிரஷ்ய சர்க்கார் செலவில் வார்ப்பித்து, 1823-இல் பகவத்கீதையின் மூலத்தை லத்தீன் மொழிபெயர்ப்போடு வெளியிட்டார். சர்க்கார் பணம் இப்படியும் செலவழிவதுண்டு என்பதற்கு அது ஓர் அத்தாட்சி. நான் சொல்லப் புகுவது அந்தப் பணத்தின் வேறு சில போக்குகளை.

சக்கரவர்த்தியைத் தேர்ந்தெடுக்கும் உரிமை பெற்றிருந்த கொலோன் மதகுருமார்கள் கொலோனில் குடியிராமல் பானில் அரசு வீற்றிருந்த காலம் ஒன்று உண்டு. அவர்களில் 1723 முதல் 1761 வரை ஆண்ட கிளெமென்ஸ் ஆகுஸ்ட், வேட்டைக்கு ஒரு மாளிகை, ராஜாளிப் பறவைகளுக்கு ஒரு மாளிகை, கோடைக்கு ஒரு மாளிகை என்று கட்டித் தள்ளியவர். அவ்வளவுக்கும் சொந்த நாட்டு வரி போதாததால், பிரான்ஸ், ஆஸ்திரியா, இங்கிலாந்து என்று யார் மானியம் கொடுக்கிறார்களோ அவர்கள் பக்கம் சாய்வதும், கொடுப்பது குறைந்தால் மறுபக்கம் சாய்வதுமாக ராஜதந்திரம் நடத்தினார். அவர் நடனம் ஆடி முடித்த சிறிது நேரத்தில் உயிர் துறந்தபின் பட்டத்துக்கு வந்த மாக்ஸ் ஃபிரீட்ரிஷுக்குக் கடன்தான் பிதுரார்ஜிதமாகக் கிடைத்தது. ஆகவே அவருடைய மந்திரி பெல்டர்புஷ் கட்டட வேலைகளை நிறுத்தினார். அரண்மனைச் செலவைக் குறைத்தார். சங்கீதக்காரர்களின் சம்பளத்திலும் கை வைத்தார். அந்த வித்வான்களின் குடும்பங்களில் ஒன்றில்தான் 1770-இல் பெத்தோவன் பிறந்தார். ஊரார் இரண்டு ஆட்சிகளின் சீருடை நிறங்களையும் ஒப்பிட்டு, முந்தியவர் காலமே வயிறு நிறைந்த காலம் என்னும் கருத்தில் ஒரு பாட்டுக் கட்டினார்கள். ஊதாரியை வாழ்த்தியும் சிக்கனக்காரரைத் தூற்றியும் பாடியது ஜனங்களுடைய அறியாமை என்று சரித்திர ஆசிரியர்கள் சொல்லக்கூடும்; சிக்கனத்தை உபதேசித்த மந்திரி தம் பையை மட்டும் சுருக்கவில்லை என்ற ஏச்சு ஊரில் பலமாக இருந்ததை நினைத்தால், எனக்கு அது அவ்வளவு அறியாமையாகத் தோன்றவில்லை.

இரண்டு நூற்றாண்டுக்குப்பின் இந்தச் சிறிய ஊர் மேற்கு ஜெர்மனியின் தலைநகரமாயிற்று. 1949 நவம்பர் 3-ஆம் தேதி பார்லிமெண்டில் பானுக்கு 200 ஓட்டும் பிராங்ஃபர்ட்டுக்கு 176 ஓட்டும் விழுந்தன. மறுவருஷமே, அந்த ஓட்டுக்களில் சில விலைக்கு வாங்கப்பட்டவை என்று ஒரு வாரப் பத்திரிகை எழுத, பார்லிமெண்டு ஒரு விசாரணைக் கமிட்டி போட்டது. குடியேறும்போதே வீட்டில் ஒரு சண்டை என்று சொல்லலாம். பிறகு 1972 ஏப்ரல் 27-இல், சான்சலர் வில்லி பிராண்டை இறக்கிவிட்டு ரைனர் பார்ட்ஸெலை ஏற்றும் தீர்மானம், 249 ஓட்டு வேண்டியிருக்க 247 மட்டுமே பெற்றுத் தோற்றது. எதிர்க்கட்சி அங்கத்தினரான ஷ்டைனர், தாம் ஓட்டளிக்காமல் இருப்பதற்கு 50,000 மார்க் பெற்றதாக மறுவருஷம் ஒப்புக்கொண்டார். பணம் கிழக்கு ஜெர்மனியின் ஒற்றர் இலாகாவிலிருந்து வந்தது என்பது பெர்லின் சுவர் விழுந்த பிறகே வெளியாயிற்று. இவையெல்லாம் முன்னுரை. பான் நகரத்தின் பெயரை உலகம் முழுவதும் நாறச் செய்த விவகாரம் ஃபிளிக் கம்பெனியினுடையது.

ஃபிளிக் குடும்பத்தார், ஹிட்லர் காலத்தில் ஆயுதத்திலும் எஃகிலும் பொருள் சேர்த்து, நூரம்பர்க்கில் தண்டனையும் பெற்று, பிறகு மறுபடியும் தேசத்தின் முதல் தனவந்தர்களாக எழுந்தவர்கள். 1975-இல் தங்களிடமிருந்த டெய்ம்லர் பென்ஸ் பங்குகளில் பெரும்பகுதியைச் சுமார் 190 கோடி மார்க்குக்கு விற்றார்கள். அதற்குச் செலுத்த வேண்டிய வரி 98 கோடியே 60 லட்சம் மார்க். சட்டத்தில் ஒரு வழி இருந்தது: விற்ற பணத்தைத் தேசப் பொருளாதாரத்துக்கு விசேஷ நன்மை தரும் முயற்சிகளில் மறுபடியும் முதலீடு செய்வதாகப் பொருளாதார மந்திரி அத்தாட்சி கொடுத்தால் வரி முழுவதும் மன்னிக்கப்படும். அந்த அத்தாட்சியை முதலில் ஹான்ஸ் ஃபிரிடெரிக்ஸும், அவருக்குப்பின் அதே நாற்காலிக்கு வந்த ஓட்டோ லாம்ப்ஸ்டோர்ஃப் பிரபுவும் கொடுத்தார்கள். அமெரிக்க ரசாயனக் கம்பெனி ஒன்றின் பங்குகளை வாங்குவதால் ஜெர்மன் தேசத்துக்கு என்ன விசேஷ நன்மை என்று கேட்பவர் அப்போது இல்லை.

கேட்டவர் மந்திரியோ பிரதிநிதியோ அல்லர். பானுக்கு எதிர்க்கரையில் உள்ள சாங்க்ட் ஆகுஸ்டின் என்னும் சிற்றூரின் வரி விசாரணைக் காரியாலயத்தில் தலைமை வகித்த கிளவுஸ் ஃபோர்ஸ்டர் என்பவர். அரசியல் கட்சிகளுக்கு வரிவிலக்குடன் தாராளமாக நன்கொடை கொடுப்பதை அரசியல் சாசன நீதிமன்றம் 1958-லேயே அடைத்துவிட்டபடியால், பணக்காரர்கள் தர்ம ஸ்தாபனங்களின் பெயரால் ரசீது வாங்கி, அந்த ஸ்தாபனங்கள் வாயிலாகக் கட்சிகளுக்குப் பணம் அனுப்பும் தந்திரத்தைக் கண்டுபிடித்திருந்தார்கள். இதில் மிக விநோதமானது சாங்க்ட் ஆகுஸ்டினில் இருந்த ஒரு கத்தோலிக்க மிஷனின் கணக்கு. ஃபிளிக் கம்பெனி பத்து லட்சம் மார்க் காணிக்கை செலுத்தும். பாதிரிமார்கள் பத்து லட்சத்துக்கும் ரசீது கொடுப்பார்கள். ஒரு சிறு பங்கு மிஷனுக்கும் ஒரு சிறு பங்கு தரகருக்கும் போக, எட்டு லட்சம் ரொக்கமாகக் கம்பெனியின் இரும்புப் பெட்டிக்கே திரும்பி வந்துவிடும். உண்டியலில் போட்டதைப் பின்வாசல் வழியாக எடுத்துக்கொண்டு, போட்டதற்குப் புண்ணியமும் கேட்கிற பக்தியை நம்மூர் தர்மகர்த்தாக்கள்கூட யோசித்திருப்பார்களா என்பது சந்தேகம். ஃபோர்ஸ்டர் இந்த நூலைப் பிடித்து இழுத்துக்கொண்டே போனார். மேலிடத்திலிருந்து நிறுத்து என்ற சைகைகள் வந்தன, வேறிடத்துக்கு மாற்றப்பட்டார், கடைசியில் சர்க்கார் உத்தியோகத்தையே விட்டு வெளியேறினார். அவர் இழுத்த நூல் மட்டும் அறுந்து போகவில்லை.

1981 நவம்பரில் வரி அதிகாரிகள் டூசல்டார்ஃப் நகரத்தில் ஃபிளிக் கம்பெனியின் தலைமைக் கணக்கர் ருடால்ஃப் டீலின் தஸ்தாவேஜுகளைக் கைப்பற்றினார்கள். அந்த மனிதர் கட்சிக்காரரும் அல்லர், புரட்சிக்காரரும் அல்லர். உள்ளதை உள்ளபடி எழுதாவிட்டால் ராத்திரி தூக்கம் வராத ஜாதியைச் சேர்ந்த கணக்குப்பிள்ளை. ரொக்கம் எப்போது போயிற்று, எவ்வளவு போயிற்று என்று தேதிவாரியாக எழுதி, ஒவ்வொரு வரியிலும் இன்னாருக்காக என்று பொருள்படும் இரண்டெழுத்துச் சுருக்கத்தோடு ஒரு பெயரைக் குறித்திருந்தார். நம்முடைய மண்டிக் கணக்கில் 'இன்னார் பற்று' என்று எழுதுவோமே, அதே முறைதான்: கோல் பற்று, ஷ்ட்ரௌஸ் பற்று (இருவரும் கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சிகளின் தலைவர்கள்), லாம்ப்ஸ்டோர்ஃப் பற்று. பற்று மட்டும் ஏறிக்கொண்டே போன அந்தப் பேரேட்டில், அவர்கள் எதிரே வரவு என்று ஒன்றும் எழுதப்படவில்லை. வரவு சர்க்கார் கெஜட்டில் இருந்தது என்று விரோதிகள் சொன்னார்கள். 1969-க்குப் பிறகு போன தொகை சுமார் இரண்டரைக் கோடி மார்க். அதில் ஒன்றரைக் கோடி கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சிகளுக்கு, 65 லட்சம் லிபரல் கட்சிக்கு, 43 லட்சம் சோஷலிஸ்டுகளுக்கு. கம்பெனியின் நிர்வாகி பிரௌகிட்ச் இந்தத் தொண்டுக்கு வைத்த பெயர், பான் நிலப்பரப்பைப் பராமரித்தல் என்பது. 1986-இல் பார்லிமெண்டு மண்டபத்தைப் பழுது பார்ப்பதற்காகச் சபையைத் தற்காலிகமாகப் பழைய குடிநீர் இறைக்கும் நிலையத்துக்கு மாற்றினார்கள். நீர் பாய்ச்சும் உபமானத்துக்கு அது எவ்வளவு பொருத்தம் என்று அன்றைய பரிகாசக்காரர்களுக்கு எடுத்துக்கொடுக்க யாரும் தேவையாயிருந்திராது.

சிக்கனத்தின் கதை இந்த இடத்தில்தான் வந்து சேர்கிறது. லாம்ப்ஸ்டோர்ஃப் யுத்தத்தில் ஒரு காலை இழந்தவர்; கைத்தடியை ஊன்றி நடந்துகொண்டே சபையைக் கூர்மையான வார்த்தையால் அடக்கக்கூடியவர். அவர்மேல் அரசாங்க வக்கீல்கள் விசாரணை தொடங்கியிருந்த செய்தி 1982 பிப்ரவரி முதலே ஊரறிந்தது. அதே வருஷம் செப்டம்பர் 9-ஆம் தேதி, சான்சலர் ஹெல்முட் ஷ்மிட் கேட்டதற்கிணங்க, 34 பக்கத்தில் ஒரு திட்டக் குறிப்பைச் சமர்ப்பித்தார். வேலையற்றோர் உதவியைக் குறைக்க வேண்டும், மாணவர் சகாயத்தைக் குறைக்க வேண்டும், தொழில் நடத்துகிறவர்களின் வரிச்சுமையை இறக்க வேண்டும் என்பது அதன் சாரம். ஊரில் அதற்கு விவாகரத்துப் பத்திரம் என்று பெயர் வைத்தார்கள். எட்டே நாளில் லாம்ப்ஸ்டோர்ஃபும் அவருடைய லிபரல் கட்சியின் மற்ற மந்திரிகளும் ஷ்மிட்டை விட்டு விலகினார்கள். அக்டோபர் 1-ஆம் தேதி ஹெல்முட் கோல் 256 ஓட்டுடன் சான்சலரானார். லாம்ப்ஸ்டோர்ஃப் புதிய மந்திரிசபையிலும் அதே நாற்காலியில் உட்கார்ந்தார்.

1983-ஆம் வருஷத்து வரவு செலவுத் திட்டத்தில் மாணவர்களின் கல்வி உதவி முழுவதும் கடனாக மாற்றப்பட்டது. பள்ளிப் பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு அது நின்றே போயிற்று. ஓய்வூதிய உயர்வு ஆறு மாதம் தள்ளிவைக்கப்பட்டது. மறுவருஷம், பிள்ளையில்லாத வேலையற்றவனுக்குக் கிடைத்துவந்த உதவி, அவன் பழைய சம்பளத்தில் 68 சதவீதத்திலிருந்து 63 சதவீதமாக இறங்கியது. ஏழைமேல் மட்டும் சுமை ஏற்றவில்லை என்று காட்டுவதற்காக, அதிக வருமானமுள்ளவர்களிடம் ஒரு கட்டாயக் கடனும் வசூலித்தார்கள். அது சாசனத்துக்கு விரோதமென்று நீதிமன்றம் 1984 நவம்பரில் தீர்ப்பளிக்க, செல்வர்களுடைய பணம் அவர்களிடமே திரும்பிற்று. மாணவன் உதவியில் பாதி மறுபடியும் இனாமாவதற்கு 1990 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

இவ்வளவு தீனி கிடைத்தும் எதிர்க்கட்சியின் கண்டனம் ஏன் கர்ஜனையாக எழவில்லை என்பதுதான் இந்தச் சரித்திரத்தில் என்னை மிகவும் கவர்ந்த கேள்வி. 98 கோடி மார்க் வரியை ஒரு குடும்பத்துக்கு மன்னித்த கை, வேலையற்றவன் தட்டிலிருந்து ஐந்து சதவீதத்தை வழித்தெடுக்கிறது என்பது ஒரு மேடைப் பேச்சுக்குப் போதாதா? போதும். ஆனால் முதல் அத்தாட்சி கிடைத்தபோது ஆண்டது சோஷலிஸ்டுகளின் தலைமையில் இருந்த மந்திரிசபை. டீலின் பேரேட்டில் அவர்களுக்கும் ஒரு பத்தி இருந்தது. 1981 இறுதியில் நன்கொடைக் குற்றங்களுக்குப் பொது மன்னிப்பு அளிக்க எல்லாக் கட்சித் தலைவர்களும் கூடி யோசித்தபோது, அதைத் தடுத்தவர்களும் தூண்டியவர்களும் அந்தக் கட்சிக்குள்ளேயே இருந்தார்கள். 1984-இல் கோல் கூட்டணி மறுபடியும் முயன்றபோது லிபரல் கட்சியின் சாதாரணத் தொண்டர்களே வெகுண்டெழுந்து அதைக் கைவிடச் செய்தார்கள். உரக்கப் பேச முடிந்தது, பேரேட்டில் பெயரேற வயது போதாத கட்சிக்குத்தான்: 1983-இல் முதல்முறையாக 28 பேராகச் சபைக்குள் வந்த பசுமைக் கட்சியினர். 1984 அக்டோபர் 18-இல் அவர்களில் ஒருவரான யூர்கன் ரீன்ட்ஸ், கோல் பதவிக்கு ஏறிய வழி ஃபிளிக்கின் பணத்தால் போடப்பட்டது என்று சொன்னதற்காகச் சபையிலிருந்து வெளியேற்றப்பட்டார். அதைக் கண்டித்த யோஷ்கா ஃபிஷர் சபைத் தலைமை வகித்தவரை, முதலில் மரியாதையாக அனுமதி கேட்டுக்கொண்டு, அச்சில் ஏற்ற முடியாத ஒரு சொல்லால் விளித்துவிட்டு வெளியேறினார். ஒரே வாரத்தில், ஃபிளிக் பணம் ஒரு வக்கீல் காரியாலயம் வழியாகத் தமக்கு வந்தது என்ற புகாரின்மேல் சபாநாயகர் பார்ட்ஸெலே ராஜினாமாச் செய்தார். 1972-இல் இரண்டு ஓட்டில் தோற்ற அதே பார்ட்ஸெல்தான் அவர்.

லாம்ப்ஸ்டோர்ஃப் அதற்கு முன்பே, 1984 ஜூன் மாதத்தில், பதவி விலகியிருந்தார். வழக்கு 1985 ஆகஸ்டு 29-இல் பான் நீதிமன்றத்தில் தொடங்கிற்று. (கம்பெனிகள் கட்சிகளுக்கு நன்கொடை கொடுப்பதை 1969-இல் தடுத்திருந்த நம் நாட்டில், அந்தத் தடையை நீக்கியதும் அதே 1985-இல்தான்.) 1987 பிப்ரவரி 16-ஆம் தேதி தீர்ப்பு வந்தது. பணம் போனது உண்மை. விலக்கு வந்தது உண்மை. ஒன்றுக்காக மற்றது என்பது நிரூபணமாகவில்லை. ஆதலால் லஞ்சக் குற்றம் இல்லை. வரி ஏய்ப்புக்கு மட்டும் லாம்ப்ஸ்டோர்ஃபுக்கு 1,80,000 மார்க், ஃபிரிடெரிக்ஸுக்கு 61,500 மார்க் அபராதம். பிரௌகிட்சுக்கு 5,50,000 மார்க்கும், நிறுத்திவைக்கப்பட்ட இரண்டு வருஷச் சிறையும். அடுத்த ஆண்டே லாம்ப்ஸ்டோர்ஃப் தம் கட்சிக்குத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். சென்னைக்காரர்களுக்கு இதில் ஆச்சரியப்பட அதிகமில்லை: முந்த்ரா பங்கு விவகாரத்தில் சாக்லா கமிஷன் அறிக்கைக்குப்பின் 1958-இல் நிதி இலாகாவை விட்ட டி. டி. கிருஷ்ணமாச்சாரியார், 1962-இல் மந்திரிசபைக்குத் திரும்பியதை அவர்கள் பார்த்திருக்கிறார்கள். ஆனால் ஒரு வித்தியாசம் சொல்ல வேண்டும்; கிருஷ்ணமாச்சாரியார் பதவியை விட்டதற்கு முந்திய வருஷம் புதிதாக விதித்த வரிகள் செல்வத்தின் மேலும் செலவின்மேலும் விழுந்தவை.

கோல் 16 வருஷம் ஆண்டார். 1996-இல், நோய்வாய்ப்பட்ட தொழிலாளிக்குக் கிடைக்கும் சம்பளத்தை 80 சதவீதமாகக் குறைக்க அவர் சர்க்கார் சட்டம் கொண்டுவந்தபோது, ஜூன் 15-ஆம் தேதி ஹோஃப்கார்டன் புல்வெளியிலும் சுற்றுத் தெருக்களிலும் தொழிற்சங்கத்தார் மூன்றரை லட்சம் பேர் திரண்டார்கள். பெல்டர்புஷ் சம்பளம் வெட்டிய வித்வான்கள் வாசித்த அதே அரண்மனை ஜன்னல்கள் அவர்களை நோக்கித் திறந்திருந்தன. சட்டம் நிறைவேறிற்று, கோல் தோற்றபின் 1999 ஜனவரியில் ரத்தாயிற்று. அதே வருஷம் பார்லிமெண்டும் மூட்டை கட்டிக்கொண்டு பெர்லினுக்குப் போயிற்று. வருஷக் கடைசியில் கோல், கட்சிக் கணக்கில் காட்டாமல் இருபது லட்சம் மார்க் வரை ரொக்க நன்கொடை வாங்கியதை ஒப்புக்கொண்டார். கொடுத்தவர்கள் யார் என்று கேட்டார்கள்; வாக்குக் கொடுத்திருக்கிறேன், சொல்லமாட்டேன் என்றார். இம்முறை டீலைப் போல ஒரு கணக்குப்பிள்ளை அகப்படவில்லை. 2017-இல் காலமாகும்வரை கோல் அந்தப் பெயர்களைச் சொல்லவேயில்லை.