தவிட்டுக்கு வாங்கிய பிள்ளை

“அம்மா, பாப்பா எங்கிருந்து வந்தது?”

இப்படிக் கேட்காத குழந்தை உண்டா? கேட்ட குழந்தைக்கு நேரான விடை தந்த வீடுகள் எத்தனை? வியன்னா நகரத்து வீடுகளிலே, நாரை கொண்டுவந்து தந்தது என்றார்கள். நம் வீடுகளிலே, தவிட்டுக்கு வாங்கினோம் என்றார்கள். வாய் மூடிற்று. மூளை என்ன ஆயிற்று?

சிக்மண்ட் பிராய்டு அதைத்தான் ஆராய்ந்தார். பாலுணர்வு குழந்தைப் பருவத்திலேயே முளைவிட்டுப் படிப்படியாக வளர்கிறது என்று 1905இல் எழுதி, கண்ணியவான்களின் கடுஞ்சினத்துக்கு ஆளானவர் அவர். 1908இல் மேலும் ஒருபடி சென்றார். பிறப்பின் புதிரே பிள்ளையைச் சிந்திக்கத் தூண்டுகிறது. பொய்கூறித் தடுத்தால் அடங்குவது அந்த ஒரு கேள்வி மட்டுமல்ல, கேட்கும் ஆற்றலும் உடன் அடங்கிவிடக்கூடும் என்றார். பெண்ணினம் இயற்கையாகவே அறிவில் குறைந்தது என்று மோபியஸ் என்னும் செர்மானிய மருத்துவர் 1900இல் நூலெழுதியிருந்தார். பிராய்டு அதை மறுத்தார். குறை மூளையில் இல்லை. பாலுணர்வைப் பற்றி எண்ணவே கூடாதென்று பெண்ணுக்குப் பூட்டிய விலங்கு, எண்ணும் பழக்கத்துக்கே விலங்காயிற்று! (பெண்களைப் பற்றி அவரே பின்னாளில் எழுதியவற்றில் ஏற்கத்தகாதவை பல. ஆயினும் இந்த ஒன்றை மறக்கலாகாது.)

ஏட்டில் அவர் எழுதியதை வாழ்வில் பட்டறிந்தவர் ஒருவர் உண்டு. சபீனா ஸ்பீல்ரைன், 1885இல் ரஷ்ய நாட்டு ரோஸ்தோவ் நகரில் செல்வமிக்க யூதக் குடும்பத்தில் பிறந்தவர். இனப்பெருக்கம் பற்றிய பாடம் மகளின் காதில் விழாதிருக்க, பள்ளிப் பாடத்தையே மாற்றச் செய்தார் தாய் என்பர் அவர் வரலாற்றை எழுதியோர். தந்தையோ அடித்து வளர்த்தார். 1904இல், பதினெட்டு வயதில், உள்ளம் நொறுங்கிய நிலையில் சூரிச் மனநோய் மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்டாள் அந்தப் பெண். மருத்துவம் பார்த்தவர் யுங். மறு ஆண்டே அதே நகரத்துப் பல்கலைக்கழகத்தில் மருத்துவ மாணவி! 1911இல் டாக்டர் பட்டம்!

நோயாளி ஆய்வாளரானார். 1912இல் வெளியிட்ட கட்டுரையில் தம் குழந்தைப் பருவத்தையே ஆய்வுப் பொருளாக்கினார். மனிதரை எப்படி உண்டாக்குவது என்றறிய ஏங்கி, திரவங்களைக் கலந்து கலந்து, பெரும் படைப்பு ஒன்று நிகழுமெனக் காத்திருந்த சிறுமியை அதில் காண்கிறோம். வீட்டார் அதை விளையாட்டென்று எண்ணியிருக்கக்கூடும். விளையாட்டா அது? விடை மறுக்கப்பட்ட குழந்தை தானே நடத்திய வேதியியல் ஆய்வல்லவா!

பிறகு மழலையை ஆராய்ந்தார். ‘மாமா’ என்று தாயை அழைக்கும் சொல் எங்கே பிறந்தது? பால் உறிஞ்சும் இதழசைவில் என்று 1922இல் எழுதினார். பசித்த சேய் இதழை அசைக்கிறது; ஒலி எழுகிறது; தாய் வருகிறாள். ஒலிக்கு ஆற்றல் உண்டென்று சேய் அறிகிறது. இன்பம் நாடும் வாயே மொழி கற்கும் வாயுமாகிறது. நம் ‘அம்மா’விலும் இதழ்கள் கூடித்தானே பிரிகின்றன!

அப்போது அவர் ஜெனிவாவில் ரூசோ கழகத்தில் பணியாற்றினார். அங்கிருந்த இளைஞர் ழான் பியாஜே 1921இல் பல திங்கள் அவரிடம் உளப்பகுப்பாய்வுக்கு உட்பட்டார். குழந்தையின் அறிவு வளர்ச்சியை ஆராய்ந்து உலகப்புகழ் பெறவிருந்த அதே பியாஜே! 1923இல் வெளியிட்ட நூலில் சபீனாவின் பெயரைச் சுட்டி அக்கருத்தை எடுத்தாண்டார். 1926இல் வந்த நூலில், பிறப்பைப் பற்றிய வியப்பே, ஞாயிறும் திங்களும் எவ்வாறு தோன்றின என்ற வினாவுக்கும் தூண்டுகோலாகக் கூடும் என்றார்.

தூண்டுதல் ஒருவழிப் பாதையன்று. அமெரிக்காவில் ஆன் பெர்ன்ஸ்டைனும் பிலிப் கவனும் குழந்தைகளிடமே கேட்டு 1975இல் ஆய்வை வெளியிட்டனர். மூன்று நான்கு வயதுப் பிள்ளைக்குப் பாப்பா என்றும் எங்கோ இருந்ததுதான். எங்கே இருந்தது என்பதே ஐயம். சற்று வளர்ந்த பிள்ளை, பொம்மை போல் யாரோ செய்ததாக எண்ணும். ‘விதை’ என்று சொன்னால் தோட்டத்து விதையையே நினைக்கும். அறிவு எட்டிய அளவே உண்மை உள்ளே செல்கிறது. பிராய்டு வகுத்த படிநிலைகளைப் பிற்கால ஆய்வு அப்படியே ஏற்கவில்லை. உணர்வும் அறிவும் ஒன்றையொன்று தொட்டே வளர்கின்றன என்பது மட்டும் நிற்கிறது.

சபீனா இவற்றைக் காணவில்லை. 1923இல் ரஷ்யாவுக்குத் திரும்பினார். அங்கே உளப்பகுப்பாய்வு ஒடுக்கப்பட்டது. குழந்தை ஆய்வியலும் 1936இல் ஆணையால் ஒழிக்கப்பட்டது. 1942 ஆகஸ்டில் நாசிப் படை, பிறந்த ஊரிலேயே, இரு மகள்களோடு அவரைக் கொன்று பள்ளத்தில் தள்ளியது.

1977இல் ஜெனிவாவில், அக்கழகம் முன்பு இயங்கிய கட்டடத்தின் அடித்தளத்தில் அவருடைய நாட்குறிப்பும் கடிதங்களும் அகப்பட்டன. உலகம் அவற்றில் ஆவலோடு தேடியது எதை? யுங்குக்கும் அவருக்கும் இருந்த காதல் எவ்வளவு தூரம் சென்றது என்பதை! மழலை பற்றி அவர் எழுதிய பக்கங்களை வெகுகாலம் கழித்தே புரட்டினார்கள்.