தீவகத்தின் தவணைக் கணக்கு

ஆச்சியின் தகரப்பெட்டியில் மூன்று உறுதிகள் இருந்தன. இரண்டு சீதன உறுதி. மூன்றாவது, வேலணையில் எங்களுக்கிருந்த நாலு பரப்புத் தோட்டக் காணியின் ஒற்றி உறுதி. அதன் பின்பக்கத்தில் அப்பு பென்சிலால் ஒரு வரி எழுதி வைத்திருந்தார்: "போயிலை வித்த பிறகு." கடனை எப்போது திருப்புவது என்று கேட்டால் எங்கள் வீட்டில் அந்த வரியைத்தான் காட்டுவார்கள். அதில் திகதி எதுவும் இல்லை.

தீவகத்தில் ஒரு சிக்கன கடனுதவு கூட்டுறவுச் சங்கத்தில் 27 வருடம் கணக்கெழுதினேன். கடன் கேட்டு வந்தவர்களையும் கட்ட முடியாமல் வந்தவர்களையும் ஒரே மேசைக்கு முன்னால் இருத்திப் பேசியிருக்கிறேன். அந்த மேசையில் இருந்தபோதுதான் அப்புவின் பென்சில் வரி எவ்வளவு பழையது என்று விளங்கியது.

ஒல்லாந்தர் காலத்தில், 1707 இல், யாழ்ப்பாணத்துத் திசாவையாக இருந்த கிளாஸ் ஐசாக்ஸ் இங்குள்ள மக்களின் வழக்கங்களைத் தொகுத்து எழுதினார். அது தமிழில் பெயர்க்கப்பட்டு, 12 முதலியார்கள் பார்த்து ஒப்புக்கொண்ட பிறகே ஏற்கப்பட்டது. அதுதான் தேசவழமை. 1806 இல் ஆங்கிலேயர் 18 ஆம் இலக்க ஒழுங்குவிதியால் அதற்குச் சட்டத்தின் வலுவைக் கொடுத்தார்கள். சீதனத்துக்கும் முதுசத்துக்கும் அதைப் புரட்டுகிறவர்கள் பலர். ஒற்றியைப் பற்றிய பகுதியை வாசிப்பவர் குறைவு.

ஒற்றி என்றால் காணியைக் கொடுத்துக் காசு வாங்குவது. வட்டி கிடையாது. காசு கொடுத்தவர் காணியைச் செய்து விளைச்சலை எடுப்பார். அதுதான் அவருக்கு வட்டி. காசைத் திருப்பிக் கொடுத்த அன்று காணி திரும்பும். ஆனால் நினைத்த நாளில் மீட்க முடியாது. வயலென்றால் அறுப்பு முடிய வேண்டும். மற்றப் பயிர்களுக்கு அவற்றின் காலம். பயிர் நிற்கையில் காசு கொடுத்தவரை இறக்கிவிடவும் ஏலாது, காசு வாங்கியவரை நினைத்தபடி நெருக்கவும் ஏலாது. மழை பெய்தால்தான் விளையும் மண்ணில் இருந்த மனிதர்கள் ஒருவருக்கொருவர் கொடுத்த இடைவெளி அது.

வட்டிக்கும் ஓர் எல்லை இருந்தது. 1852 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், அறவிடக்கூடிய வட்டி எக்காரணத்தாலும் முதலைத் தாண்டக்கூடாது என்று எழுதியது. ஆயிரம் ரூபா கடனுக்கு ஆயிரம் ரூபா வட்டி நிலுவையில் நின்றால் அதோடு கணக்கு நிற்க வேண்டும்.

இதனால் அந்தக் காலம் பொற்காலம் என்று சொல்ல வரவில்லை. ஒற்றிக் காணியை மீட்க வழியில்லாமல் அறுதியாக எழுதிக் கொடுத்தவர்கள் எங்கள் ஊரில் ஏராளம். தாலிக்கொடி அடைவு கடையிலேயே முழுகிப்போன வீடுகளும் உண்டு. கடற்கரையில் சம்மாட்டி கொடுத்த முற்பணத்துக்காக, பிடித்த மீனை அவர் சொன்ன விலைக்கே கொடுத்துக் காலம் முழுக்கக் கடனாளியாகக் கிடந்தவர்கள் இருந்தார்கள். ஆனால் அந்தச் சம்மாட்டியும் கடல் அடிக்கிற மாதத்தில் காசு கேட்டு வரமாட்டார். வள்ளம் கரையில் கிடப்பது அவருக்கும் தெரியும்.

கூட்டுறவு பிறந்ததே இந்தக் கடனிலிருந்து ஆட்களை எடுப்பதற்கு. 1911 இல் வந்த 7 ஆம் இலக்கச் சட்டத்தின் பெயரே கூட்டுறவுக் கடன் சங்கங்கள் சட்டம்தான்; சங்கக்கடையெல்லாம் அதற்குப் பிறகு. யாழ் நகரில் வீரசிங்கம் மண்டபத்தைக் கடந்து போகிறவர்கள், அது வி. வீரசிங்கம் என்ற கூட்டுறவாளரின் பெயர் என்பதை நினைக்க வேண்டும். 1941 இல் கடன் இணக்கச் சட்டமும் வந்தது. வழக்குக்குப் போகாமல் கடன் கொடுத்தவரையும் வாங்கியவரையும் கூப்பிட்டு இருத்தி, கட்டக்கூடிய ஒரு தவணையைப் பேசி முடிக்க ஒரு சபை. தவணை கேட்பது பிச்சை கேட்பதல்ல என்று அரசே ஒப்புக்கொண்ட சட்டம் அது.

என் சிறுவயதில் தீவு ஆண்களில் பாதிப்பேர் கொழும்பிலும் கண்டியிலும் கடை வைத்திருந்தார்கள், அல்லது கடையில் நின்றார்கள். ஆனியில் நயினை நாகபூசணி அம்மன் திருவிழாவுக்கு ஊர் வருவார்கள். கைமாற்றுக் காசு, சீட்டு நிலுவை, ஒற்றி எல்லாம் அந்த நாட்களில்தான் பேசித் தீரும். "தேருக்கு முதல் தாறன்" என்றால் அது சத்தியம். 1990 க்குப் பிறகு போர் எங்களைத் தீவை விட்டுத் துரத்தியது. காணி வேலிகளும் உறுதிகளும் அழிந்தன. ஒற்றி கொடுத்தவர் பிரான்சில், வாங்கியவர் வன்னியில் என்றாகியது. ஆச்சியின் தகரப்பெட்டி தப்பியது எங்கள் அதிர்ஷ்டம்.

2009 க்குப் பிறகு ஊர் திரும்பியபோது கையில் காசும் இல்லை, சங்கத்தில் வைப்பும் இல்லை. அந்த வெறுமைக்குள்தான் நுண்கடன் கொம்பனிகளின் கிழமைக் கடன் வந்தது. ஐந்து பெண்கள் சேர்ந்து குழு. ஒருத்தி கட்டாவிட்டால் மற்ற நால்வர் கட்ட வேண்டும். கடன் இணக்கச் சபை காணியை ஈடு வைத்தவர்களுக்கானது. இங்கே காணி கேட்கவில்லை. அயல்வீட்டுப் பெண்ணின் முகம்தான் ஈடு.

வட்டியின் கொடுமையைப் பற்றி எல்லோரும் பேசினார்கள். பேசத்தான் வேண்டும். கணக்கெழுதிய எனக்கு அதைவிடக் கண்ணை உறுத்தியது அந்தக் கிழமை. கடலையும் மழையையும் நம்பி வாழும் தீவில் செவ்வாய்க்குச் செவ்வாய் எந்த வீட்டுக்குக் காசு வரும்?

2017 கார்த்திகையில் நெடுந்தீவுப் பெண் ஒருத்தி என்னைத் தேடி வந்தாள். குறிகட்டுவானுக்குக் காலைப் படகில் வந்து பஸ் ஏறியிருந்தாள். கையில் ஒரு கடன் புத்தகம். 50,000 ரூபா கடன், 52 கிழமை, கிழமைக்கு 1,300. மொத்தம் 67,600. குறைந்து போகும் மீதிக்குக் கணக்குப் பார்த்தால் வருடத்துக்கு 60 வீதத்துக்கு மேல். 22 கிழமை ஒழுங்காகக் கட்டியிருந்தாள். பிறகு ஒரு இரவு இழுவைமடிப் படகுகள் அவள் கணவனின் வலையை வாரிக்கொண்டு போயின. அதோடு மாரிக் கடலும். ஒன்பது கிழமை கட்டவில்லை. குழுப் பெண்கள் வீட்டு வாசலில் நின்று அழுதார்கள். வசூலிக்க வந்தவர் இருட்டும்வரை முற்றத்தில் இருந்தார். நஞ்சு குடிக்க நினைத்ததை அவள் தலையைக் குனிந்தபடி சொன்னாள்.

அடுத்த நாள் இருவரும் கடன் கொடுத்த கொம்பனியின் கிளைக்குப் போனோம். மேசையில் இருந்த பொடியனுக்கு இருபத்தைந்து வயது இருக்கும். "அக்கா, சிஸ்டத்தில கிழமை எண்டுதான் கிடக்கு. நான் என்ன செய்ய?" என்றான்.

"தம்பி, நான் கட்டமாட்டன் எண்டு சொல்லேல்லை" என்றாள். "கடல் அடிக்குது. வலையும் போச்சு. தை கழியட்டும். மாதத்துக்கு மூவாயிரம் கட்டுறன்."

அவளுக்குத் தேசவழமை தெரியாது. அப்புவின் பென்சில் வரியைத்தான் வேறு சொல்லில் சொன்னாள். முகாமையாளரிடம் நான் மூன்றே விடயம் கேட்டேன். தாமதக் கட்டணமாகப் போட்ட 4,800 ரூபாவை நீக்க வேண்டும். மிச்சமுள்ள 39,000 ரூபாவைப் பெப்ரவரி தொடக்கம் 13 மாதத்தில், மாதம் 3,000 ஆக வாங்க வேண்டும். அதுவரை குழுப் பெண்களிடமோ வீட்டுக்கோ ஆள் போகக் கூடாது. இரண்டு மணித்தியாலம் காத்திருக்க வைத்தார். கடைசியில் ஒப்புக்கொண்டார். வாயால் சொன்னதை எழுதித் தரச் சொன்னேன். முதலில் தயங்கினார். எழுதி முத்திரை குத்திய பிறகுதான் எழும்பினோம்.

அடுத்த வருடம் நாடே இதைப் பற்றிப் பேசியது. 2018 இல் அரசு, வரட்சியால் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களில் பெண்கள் எடுத்த ஒரு இலட்சம் ரூபாவுக்குட்பட்ட நுண்கடன்களைத் தள்ளுபடி செய்வதாக அறிவித்தது. யாழ்ப்பாணமும் அதில் ஒன்று. வட்டிக்கு 35 வீதம் என்று உச்ச எல்லையும் வந்தது. ஆனால் தள்ளுபடி, மூன்று மாதத்துக்கு மேல் நிலுவையில் நின்ற கடனுக்கு மட்டும். சொன்ன சொல்லுக்கு மாதாமாதம் கட்டி வந்த எங்கள் நெடுந்தீவுப் பெண்ணுக்கு ஒரு சதமும் கிடைக்கவில்லை. எனக்கு அது இன்றும் ஆறவில்லை. தவணை கேட்டு ஒழுங்காகக் கட்டியவளையும் அந்தத் திட்டம் சேர்த்திருக்க வேண்டும். அவளிடம் கேட்டபோது, "கையெழுத்து வைச்சனான் ஐயா" என்றாள். 2019 பெப்ரவரியில் கடைசி மூவாயிரத்தைக் கட்டி முடித்தாள்.

இன்றும் தீவகத்தில் கிழமைக்குக் கட்டுகிற பெண்கள் இருக்கிறார்கள். பிள்ளைகளே, கட்ட ஏலாத கிழமை வருமென்று தெரிந்தால் அது வருவதற்கு முன்பே போங்கள். தனியே போகாதீர்கள், கணக்குத் தெரிந்த ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். கடன் புத்தகத்தையும் கட்டிய துண்டுகளையும் கொண்டு போங்கள். எந்த மாதம் கடல் திறக்கும், எந்த மாதம் வெங்காயம் கிளறுவீர்கள் என்று சொல்லித் தவணை கேளுங்கள். அவர்கள் ஒப்புக்கொண்டதை எழுதி, முத்திரை குத்தித் தரும்வரை அந்தக் கதிரையை விட்டு எழும்பாதீர்கள்.