யாழும் வீணையும்: செப்பனிடுங் கலையின் வரலாறு

நரம்பிசைக் கருவி ஒன்று நெடுநாள் வாழ்தற்கு மூவர் வேண்டும்: ஆக்குவோன், மீட்டுவோன், பழுது தீர்ப்போன். முதலிருவரையும் உலகம் போற்றும். மூன்றாமவனை நினைப்பார் சிலரே. ஆயினும் ஒரு கருவி வழக்கில் நிலைபெறுவதும் வழக்கொழிவதும் அம்மூன்றாமவனையும் பொறுத்தனவே என்பதற்கு யாழின் வரலாறும் வீணையின் வரலாறும் சான்றாகும்.

யாழ்ப்பாணம் என்னும் பெயரே ஓர் இசைக் கருவியோடு தொடர்புடையது. யாழ் வாசித்த அந்தகப் பாணன் ஒருவன் இந்நிலத்தைப் பரிசிலாகப் பெற்றான் என்பது கர்ணபரம்பரை. மயில்வாகனப் புலவர் ஒல்லாந்தர் காலத்தில் இயற்றிய யாழ்ப்பாண வைபவமாலையும் அக்கதையைக் கூறும். கதை வரலாறாகுமா என்பது வேறு வினா. யாழைத் தன் பெயரிற் கொண்ட நாட்டில் பண்டை யாழ் ஒன்றேனும் எஞ்சவில்லை என்பதே ஈண்டுக் கருதத்தக்கது.

அந்த யாழ் எவ்வாறு அமைந்திருந்தது என்பதைப் பத்துப்பாட்டுள் ஒன்றாகிய பொருநராற்றுப்படை விரித்துரைக்கின்றது. குளம்புச் சுவடு போன்ற பத்தர், அதன்மேற் போர்த்த தோல், அதனை இறுக்கும் ஆணி, வளைந்த கோடு, நரம்பைக் கட்டும் திவவு என உறுப்புகள் பல. பத்துப்பாட்டு முழுவதையும் ஆங்கிலத்தில் ஆக்கி 1946ஆம் ஆண்டில் வெளியிட்டவர் வட்டுக்கோட்டை யாழ்ப்பாணக் கல்லூரியில் ஆசிரியராக விளங்கிய ஜே. வி. செல்லையா ஆவார். 1823இல் செமினரி நிறுவப்பெற்ற அவ்வூரிலிருந்தே, அங்குப் பயின்ற சி. வை. தாமோதரம்பிள்ளையும் பின்னாளிற் பழந்தமிழ் ஏடுகளைத் தேடிப் பதிப்பிக்கப் புறப்பட்டார். செல்லரித்த ஏட்டைச் செப்பனிடுதலும் கீறல் கண்ட கருவியைச் செப்பனிடுதலும் ஓரினத் தொழில்களே.

பழுது எத்தகையது என அறிதலே செப்பனிடுதலின் முதற்படி. இதில் முன்னோர் கொண்ட நுட்பத்தைச் சீவக சிந்தாமணியிற் காணலாம். காந்தருவதத்தையின் இசைப் போட்டியில் தனக்குத் தரப்பட்ட யாழ்களைச் சீவகன் ஒவ்வொன்றாக நோக்கி, மரத்தின் குற்றங் கூறி விலக்குகின்றான். நீரில் நின்ற மரம், வெந்த மரம், இடி வீழ்ந்த மரம் என்பன யாழுக்கு ஆகா. நரம்புக்கும் கொடும்புரி, மயிர், தும்பு, முறுக்கு என நால்வகைக் குற்றம் வகுத்தனர். ஆகவே பழுது இருதிறத்தது என்பது போதரும். ஒன்று, மரத்தோடு பிறந்தது, அதற்கு மருந்தில்லை. மற்றொன்று, வீழ்ச்சியாலும் மோதலாலும் வெயிலாலும் பின் வந்து சேர்ந்தது, அதனைத் தீர்க்கலாம். இவ்விரண்டையும் மயங்க உணர்வோன் தீரும் பழுதுக்காக நல்ல கருவியைக் கழித்துவிடுவான்.

கருவியைக் கழித்தல் தகாது என்பதற்குச் சைவ உலகம் நன்கறிந்த நிகழ்ச்சி ஒன்றுண்டு. திருத்தருமபுரத்தில் திருஞானசம்பந்தர் பாடிய பதிகம் கருவியில் அடங்காமை கண்டு, திருநீலகண்ட யாழ்ப்பாணர் தம் யாழை உடைக்க ஓங்கினார். சம்பந்தர் அதனைத் தடுத்து வாங்கி, இயன்றவளவு இசைப்பீராக என மீள அளித்தார் என்று பெரியபுராணம் கூறும். குறையுடைய கருவியும் இசைத்தற்கு உரியதே என்பது இதனாற் பெறப்படும் உண்மை.

இனி வீணையை நோக்குவோம். இருபத்துநான்கு மெட்டுகளை நிலையாகப் பதித்த தஞ்சாவூர் வீணை, 17ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஆண்ட இரகுநாத நாயக்கர் காலத்தில் உருப்பெற்றது என்பது மரபு. குடமும் தண்டியும் யாளிமுகமும் ஒரே பலாமரத்திற் குடையப்பெற்றது ஏகாண்ட வீணை. தனித்தனியே செய்து பொருத்தப்பெற்றது ஒட்டு வீணை. ஏகாண்டத்தின் ஒலி உயர்ந்தது என்பர். ஆயின் விபத்து நேருமிடத்து, ஒட்டு வீணை பெரும்பாலும் பொருத்துவாயிலே விடும். மீளப் பொருத்துதல் எளிது. ஏகாண்டமோ மரத்தின் இழையோடு பிளக்கும். அதனைச் சேர்த்தற்குக் கைத்திறன் மிக வேண்டும்.

கீறல் சிறிதாயினும் அதன் விளிம்புகள் நரம்பின் ஒலியோடு அதிர்ந்து இரைச்சல் தரும். பழுது தீர்ப்போன் முதலில் தந்திகளைத் தளர்த்தி மரத்தின்மேலுள்ள இழுவிசையை நீக்குவான். பின்பு தூசு போக்கி, சூடாக்கிய வச்சிரத்தைக் கீறலுட் செலுத்தி, கயிற்றாலோ பிடிகருவியாலோ இறுக்கி உலரவிடுவான். இடைவெளி அகன்றிருப்பின் அதே இழையுடைய மெல்லிய மரச்சிம்பைப் புகுத்துவான். தேன்மெழுகும் கரித்தூளுங் கலந்து அமைத்த மெழுகுச்சட்டம் வெயிலில் இளகி மெட்டு நிலைபெயரின், அதனைச் செவியால் அளந்து மீண்டும் பதிப்பான். சோளகத்தில் உலர்ந்து வாடைக்காலத்தில் ஈரமுறும் நம் நாட்டில் மரம் சுருங்குதலும் விரிதலும் இயல்பாகலின், இத்தொழிலின் தேவை ஓயாது.

வச்சிரம் விலங்கின் தோலினின்று காய்ச்சியெடுக்கும் பசை. வெப்பமும் ஈரமும் பட அது இளகும்; இன்று ஒட்டியதை நாளை மற்றொருவன் பிரித்துத் திருத்தலாம். மேனாட்டு வயலினும் இத்தகைய பசையாலேயே இணைக்கப்பெற்றது. கிரிமோனா நகரத்து அந்தோனியோ இஸ்திராடிவாரி (இறப்பு 1737) செய்த வயலின்களுட் பெரும்பாலானவற்றின் கழுத்து 19ஆம் நூற்றாண்டில் மாற்றி அமைக்கப்பெற்றது. அவை இன்றும் ஒலிப்பது ஆக்கியோன் திறத்தால் மட்டுமன்று. தலைமுறைதோறும் அவற்றைத் திறந்து செப்பனிட்டோர் திறத்தாலுமாம். இறுகியபின் விடாத புதுப் பசைகளை ஆராயாது பூசுவோர் வருங்காலத்தார்க்கு வழியடைக்கின்றனர்.

யாழுக்கு இத்தொடர்ச்சி வாய்க்கவில்லை. பல சுவரங்களை ஒரே தந்தியிற் பிறப்பிக்கும் வீணை பரவ, யாழ் அருகியது. மீட்டுவோர் குறைந்தபோது ஆக்குவோரும் பழுது தீர்ப்போரும் ஒருங்கே மறைந்தனர் எனக் கருதலாம். சுவாமி விபுலாநந்தர் கேட்டறிதற்குக் கைவினைஞர் எவருமிலர். நூல்களையும் உரைகளையும் கணிதத்தையுமே துணைக்கொண்டு அவர் யாழ்நூலை இயற்றினார். அது 1947 ஜூன் மாதத்தில் திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறியது. அடுத்த மாதமே அவர் மறைந்தார். ஒரு கைத்தொழிற் பரம்பரை அறுந்தமையால், ஒரு பேரறிஞரின் பல்லாண்டு உழைப்பு அதனை மீட்க வேண்டிற்று.

வீணை அந்நிலையை அடையவில்லை. 1960இல் மருதனார்மடத்தில் தோன்றி, பின்னர் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தோடு இணைந்த இராமநாதன் நுண்கலைக் கழகத்தால் வீணை பயில்வோர் பெருகினர். ஆயினும் 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் ஊரோடு பெயர்ந்தபோது, வீணை போன்ற நெடிய கருவியைச் சுமந்து செல்லுதல் எளிதாயிருந்திராது. பூட்டிய வீட்டிற் கிடக்கும் மரத்துக்குக் கறையானும் ஈரமும் பகை. மீட்டக் கற்பித்தலோடு செப்பனிடக் கற்பித்தலும் வேண்டும் என்பதனை அத்தகைய காலங்களே உணர்த்துவன.

வீட்டின் மூலையிற் சாத்திய வீணையிற் கீறல் காணின், அது பிறவிக் குற்றமோ பின் வந்த பழுதோ என ஆராய்க. பின் வந்ததாயின் தீர்க்கவல்ல ஆசாரியாரிடம் கொண்டுசெல்க; அவர் அருகில் ஓர் இளைஞனை நிறுத்திப் பார்க்கச் செய்க. யாழை இழந்த நாடு வீணையையும் ஏட்டிலே தேடும் நிலை வாராதிருத்தற்கு அதுவே வழி.