தேய்ந்த எழுத்தும் தெளிந்த கோரிக்கையும்

ஏப்ரல் 14 நெருங்கினால் தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம் பக்கம் சுவரொட்டி வடிவமைக்கும் தோழர்கள் பலர் ஒரே வகை எழுத்துருவைத் தேடுகிறார்கள்: தடித்தது, ஓரம் உதிர்ந்தது, நடுவில் மை பிடிக்காமல் போனது போன்றது. போராட்டத்தின் முகம் அதுதான் என்று நாம் பழகிவிட்டோம். அந்தத் தேய்மானம் எங்கிருந்து வந்தது?

பெரிய எழுத்தை ஈயத்தில் வார்த்தால் கனம் கூடும், செலவும் கூடும். 1827இல் நியூயார்க்கில் டேரியஸ் வெல்ஸ் மரத்தில் பெரிய எழுத்துகளை இயந்திரத்தால் கடைந்து பெருமளவில் செய்யத் தொடங்கினார். அச்சகங்கள் அவற்றை ஆண்டுக்கணக்கில் திரும்பத் திரும்பப் பயன்படுத்தின. முனை மழுங்கியது, கீறல் விழுந்த இடத்தில் மை ஏறவில்லை. புதிது வாங்க வசதியில்லாத அச்சகத்தில் தேய்மானம் அப்படியே தாளில் விழுந்தது. இன்று கணினியில் அதையே வேண்டுமென்று வரைகிறார்கள்.

நம் இதழியல் வரலாறும் வசதியில்லாத வரலாறுதான். மதுராந்தகம் அருகே கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன் 1893இல் 'பறையன்' இதழைத் தொடங்கினார். இழிவாக வீசப்பட்ட சொல்லையே தலைப்பாக அச்சேற்றினார். அயோத்திதாசப் பண்டிதர் 1907 ஜூன் 19 அன்று ராயப்பேட்டையிலிருந்து 'ஒரு பைசாத் தமிழன்' கொண்டுவந்தார், விலையே பெயரானது. இவற்றின் வலிமை எழுத்தின் தோற்றத்தில் இல்லை. சொன்ன செய்தியிலும், அது மக்களிடம் போய்ச் சேர்ந்ததிலும் இருந்தது.

தமிழில் தேய்ந்த எழுத்துருவுக்குத் தனி ஆபத்து உண்டு. புள்ளி உதிர்ந்தால் சொல்லே மாறும்: 'மண்' என்பது 'மண' ஆகிவிடும். செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்ஹீர் 1891இல் தந்த அறிக்கையைத் தொடர்ந்து 1892இல் பஞ்சமி நில ஆணை வந்தது. அந்த நிலத்தை மீட்கக் காரணையில் எழுந்த போராட்டத்தில், 1994 அக்டோபர் 10 அன்று காவல்துறை சுட்டதில் ஜான் தாமஸும் ஏழுமலையும் உயிரிழந்தனர். அந்த மண்ணைப் பற்றி எழுதும்போது ஒரு புள்ளியைக்கூட நாம் இழக்க முடியாது.

ஆகவே தோழர்களே, தேய்ந்த எழுத்துருவைத் தலைப்பின் ஓரிரு சொற்களோடு நிறுத்துவோம். கணினி எழுத்துருவில் ஒவ்வொரு 'த'விலும் அதே கீறல் அதே இடத்தில் வரும். நீண்ட வரியில் அது போலி என்று காட்டிக்கொடுத்துவிடும். கோரிக்கை, நாள், இடம் எல்லாம் தெளிந்த எழுத்தில் இருக்கட்டும். அச்சுக்குக் கொடுக்குமுன் ஒரு தாள் எடுத்து, சாலையின் எதிர்ப்பக்கத்திலிருந்து படித்துப் பார்ப்போம். சர்வே எண்ணில் ஓர் இலக்கம் அழிந்தால், அது வேறொருவர் நிலமாகிவிடும்.