மூடா ஆறு

கெடா மாநிலத்தின் உலு மூடா காட்டில் பிறந்து, சீக், பாலிங், கோலமூடா வட்டாரங்கள் வழியாக மலாக்கா நீரிணையில் சேரும் ஆறு. கீழ்ப்பகுதியில் கெடாவுக்கும் பினாங்கின் செபராங் பிறைக்கும் எல்லையாக ஓடுகிறது.

பழைய செய்திகள் சொற்பம். இராசேந்திர சோழனின் மெய்க்கீர்த்தி குறிக்கும் கடாரத்தை இதன் வடக்கேயுள்ள புஜாங் பள்ளத்தாக்கோடு அறிஞர் பலர் இணைக்கின்றனர். பட்டினப்பாலையின் காழகமும் அதுவே என்பதில் ஒருமித்த கருத்தில்லை.

ஆற்றுக்கு வடக்கேயுள்ள சமவெளியில் அலோர் ஸ்டாரிலிருந்து குருண் நோக்கி வான் மாட் சமான் வாய்க்கால் 1885-இல் வெட்டத் தொடங்கப்பட்டது. இருட்டில் பந்தங்களை வரிசையாக ஏற்றி நேர்கோடு பார்த்தார்கள் என்பது செவிவழிச் செய்தி. வாய்க்காலைப் பார்த்தவர்கள் அதை எளிதில் நம்புவார்கள்.

உலக வங்கிக் கடனுடன் 1966-இல் தொடங்கி 1970-இல் முடிந்த மூடா நீர்ப்பாசனத் திட்டம் பற்றித்தான் விரிவான பதிவுகள் உள்ளன. மூடா அணைக்கு ஏறத்தாழ 984 சதுர கிலோமீட்டர் நீர்ப்பிடிப்பு உண்டு, தேக்க இடம் குறைவு. பக்கத்துப் பெடு அணையில் இடம் தாராளம், நீர்ப்பிடிப்போ சுமார் 171 சதுர கிலோமீட்டர்தான். ஆகவே மலையைக் குடைந்து 6 கிலோமீட்டருக்கும் நீளமான சாயோங் சுரங்கம் வழியே மூடா நீரைப் பெடுவுக்குக் கொண்டுபோனார்கள். தெற்கே சுங்கைப்பட்டாணிப் பக்கம் போயிருக்க வேண்டிய தண்ணீர், இப்படி வடக்கே பாடாங் தெராப் ஆற்றில் இறங்கி, சுமார் 96,000 ஹெக்டேர் வயலில் இருபோகம் விளைவித்தது. மானாவாரியில் ஒருபோகம் கண்ட ஊர்களுக்கு அது பெரிய மாற்றம். ஆனால் 1978 வறட்சியில் பாசனப் போகமே கைவிடப்பட்டது.

சுங்கைப்பட்டாணி, பீடோங், கூலிம் தோட்டங்கள் இந்த நீர்க்கதைகளில் அரிதாகவே தலைகாட்டுகின்றன. கித்தா எனும் ரப்பர் பாலை அமிலமூற்றி உறையவைத்தபின் மிஞ்சும் புளித்த நீர் ஆலை வாய்க்காலில் நாறிக்கிடக்கும்; ஆற்றில் கலந்தால் உயிர்வளியைக் குடித்து மீனைக் கொல்லும். 1974 சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின் கீழ் செம்பனை ஆலைகளுக்கு 1977-இலும் ரப்பர் ஆலைகளுக்கு 1978-இலும் கழிவுநீர் விதிகள் வந்தன.

உலு மூடாவில் மரம் வெட்டுவது பற்றிய சர்ச்சை நீடிக்கிறது. 2016 வறட்சியில் மூடா அணை வற்றியது. 2022 ஜூலை 4 அன்று பாலிங்கின் கூப்பாங் வட்டாரத்தில் மலைவெள்ளம் சேற்றையும் பெருமரங்களையும் வீடுகளுக்குள் தள்ளியது. பெருமழையும் மண்சரிவுமே காரணம் என்பார் ஒரு சாரார். மலைமேல் காடழித்ததையே சுட்டுவார் மறுசாரார். ஆற்றிலிருந்து பினாங்கு எடுக்கும் நீருக்குப் பணம் கேட்கிறது கெடா. ஆறு தன் எல்லையிலும் ஓடுவதால் தர மறுக்கிறது பினாங்கு.