ரோஷியா மொன்டானா

ரோஷியா மொன்டானா என்பது ருமேனியாவின் ஆல்பா மாவட்டத்தில், அபுசேனி மலைப்பகுதியில் உள்ள ஒரு கம்யூன். நம் ஊராட்சியைப் போலவே பல சிற்றூர்கள் சேர்ந்ததுதான் ருமேனியக் கம்யூனும். பேரரசர் திராயான் கி.பி. 106இல் டேசியாவை வென்றபின், உரோமானியர் இங்கே பொன் அகழ்ந்தனர். அன்று இவ்வூரின் பெயர் அல்பர்னஸ் மையோர். சுரங்கத் தொழில் தெரிந்த இல்லிரிய மக்கள் இதற்காகவே இங்குக் குடியேற்றப்பட்டனர். பாறையை நெருப்பால் சூடேற்றிப் பிளந்தும், உளியால் செதுக்கியும் அவர்கள் குடைந்த சுரங்கவழிகள் 7 கிலோமீட்டருக்கும் மேல் இன்றும் உள்ளன.

இவ்வூரின் உண்மையான செல்வம் பொன் அன்று, மெழுகுப் பலகைகள் என்றே சொல்லத் தோன்றுகிறது. 1786க்கும் 1855க்கும் இடையில் பழைய சுரங்கங்களுக்குள் இவை கிடைத்தன. மெழுகு பூசிய மரப்பலகையில் எழுத்தாணியால் எழுதப்பட்ட ஒப்பந்தங்கள் இவை, கி.பி. 131 முதல் 167 வரையிலான காலத்தவை. பேரரசர்களைப் பற்றி இவற்றில் செய்தி அதிகம் இல்லை. எளிய மக்களின் கொடுக்கல் வாங்கலே உள்ளது. 164ஆம் ஆண்டுப் பலகை ஒன்றின்படி, மெம்மியஸ் என்பவர் மே முதல் நவம்பர் வரை சுரங்கத்தில் உழைக்க 70 தெனாரியும் உணவும் கூலியாகப் பேசப்பட்டது. அவருக்கு எழுதத் தெரியாததால் வேறொருவர் எழுதித் தந்தார். 139ஆம் ஆண்டுப் பலகையில் பாசியா என்னும் சுமார் 6 வயதுச் சிறுமி 205 தெனாரிக்கு அடிமையாக விற்கப்பட்டிருக்கிறாள். ஒரு குழந்தையின் விலை, ஒரு தொழிலாளியின் ஏறத்தாழ ஆறு மாதக் கூலியைப் போல மூன்று மடங்கு.

167ஆம் ஆண்டுப் பலகை ஓர் ஈமச்சடங்குச் சங்கம் கலைக்கப்பட்டதை அறிவிக்கிறது. 54 பேரில் 17 பேரே எஞ்சினர். அடக்கச் செலவுக்குப் பணமும் இல்லை. வடக்கே மார்க்கோமன்னியப் போர் நெருங்கிய காலம் அது. மக்கள் பலகைகளைச் சுரங்கத்தில் மறைத்துவிட்டு ஓடியிருக்கலாம் என்பர் ஆய்வாளர்.

பொன் எடுப்பது அத்துடன் முடியவில்லை. ஆப்சுபர்க்கு ஆட்சியில் மலைமேல் ஏரிகள் அமைத்து, அந்நீரால் தாதுவை இடிக்கும் மர உலக்கைகளை இயக்கினர். அவ்வேரிகள் சில இன்றும் உள்ளன. 1948இல் சுரங்கங்கள் அரசுடைமையாயின; 2006இல் அரசுச் சுரங்கம் மூடப்பட்டது.

இதற்கிடையே கனடிய நிறுவனமான கேப்ரியல் ரிசோர்சஸ், நான்கு மலைகளை வெட்டி சயனைடு மூலம் பொன் பிரிக்கத் திட்டமிட்டது. 2000ஆம் ஆண்டு சனவரியில் ருமேனியாவின் பாயா மாரேயில் சயனைடு கழிவுநீர் உடைத்துக்கொண்டு திசா ஆற்றில் மீன்களைக் கொன்றதை மக்கள் மறந்திருக்கவில்லை. ஆனால் வேலையில்லாத ஊரில் பலர் திட்டத்தை வரவேற்றனர் என்பதையும் சொல்லியாக வேண்டும். வீடுகளை நிறுவனத்துக்கு விற்ற குடும்பங்கள் பல, ஆல்பா யூலியா நகரில் புதிதாகக் கட்டப்பட்ட குடியிருப்புக்குச் சென்றன. விற்க மறுத்தவர்கள் வழக்காடினர். 2013இல் புக்கரெஸ்ட் உள்ளிட்ட நகரங்களில் பல்லாயிரவர் வீதியில் இறங்கினர். மறு ஆண்டு நாடாளுமன்றம் அச்சட்டமுன்வரைவை நிராகரித்தது.

2021 சூலையில் யுனெஸ்கோ இவ்விடத்தை உலகப் பாரம்பரியப் பட்டியலிலும், அப்போதே ஆபத்திலுள்ள பாரம்பரியங்களின் பட்டியலிலும் சேர்த்தது. நிறுவனம் 400 கோடி டாலருக்கும் மேல் இழப்பீடு கேட்டுத் தொடுத்த வழக்கில், 2024 மார்ச்சில் பன்னாட்டு நடுவர் மன்றம் ருமேனியாவுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. பலகைகளோ புக்கரெஸ்ட், குளூஸ், புடாபெஸ்ட் எனப் பல நகர அருங்காட்சியகங்களில் பிரிந்து கிடக்கின்றன.