உறைபனி இல்லாத ஊரில் மிளகாய் நடும் நாள்

ரொறன்ரோவில் வாழும் நம்மவர்கள் மிளகாய்க் கன்றை வீட்டினுள் தொட்டியில் வளர்த்து, மே மாதப் பிற்பகுதியிலேயே வெளியே மண்ணில் நடுகின்றனர். முந்தினால் உறைபனி ஓரிரவில் கன்றைக் கருக்கிவிடும். திருகோணமலையில் உறைபனி விழுவதில்லை. ஆயினும் அங்கும் மிளகாய்க்கு நாள் பார்த்தே ஆக வேண்டும். அந்நாளைக் குறிப்பது வாடைக்காற்றோடு வரும் மாரி.

திருகோணமலையின் ஆண்டு மழையில் பெரும்பகுதி ஒக்டோபர் முதல் ஜனவரி வரை பெய்துவிடும். மிளகாய்க்கு ஈரம் வேண்டும். வேரடியில் நீர் தேங்கினாலோ செடி அழுகிவிடும். எனவே பெரும்போகத்தில் நடுவோர், அடைமழைக்கு முன்னரே கன்று வேர்பிடித்துவிட வேண்டுமென்று பார்ப்பர். கிணற்றை நம்பித் தோட்டஞ் செய்வோர் மழை ஓயும்வரை காத்திருப்பர். நாற்றுக்கு நான்கைந்து வாரம் தேவை என்பதால், நடும் நாளிலிருந்து பின்னோக்கி எண்ணியே விதை போடவேண்டும்.

மிளகாய் இம்மண்ணுக்கு உரியதன்று. அமெரிக்கக் கண்டத்திலிருந்து போர்த்துக்கேயர் வழியாக ஆசியாவுக்கு வந்த பயிர் அது. கிழக்கிலங்கையில் வழங்கும் ‘கொச்சிக்காய்’ என்னும் பெயர் கொச்சித் துறைமுகத்தை நினைவூட்டுகிறது. கப்பலில் வந்த அப்பயிர், ஈற்றில் கப்பல்கள் அஞ்சிய அதே மாரிக்குப் பணிந்தது.

சோழமண்டலக் கரையில் மாரிகாலப் புயலுக்கு ஒதுங்கத்தக்க இயற்கைத் துறைமுகம் இருக்கவில்லை. திருகோணமலைக்காக ஐரோப்பியர் போரிட்டதற்கு அதுவே முதற் காரணம். 1659 நவம்பர் 19 அன்று மசூலிப்பட்டினத்தருகே புயலிற் சிக்கி நடுப்பாய்மரத்தை இழந்த ‘ஆன்’ என்னும் ஆங்கிலக் கப்பல், பழுதுபார்க்கக் கொட்டியாரக் குடாவுக்கு வந்தது. 1660இல் கண்டியரசன் இரண்டாம் இராசசிங்கனின் ஆட்கள் அதன் மாலுமிகளைச் சிறைப்பிடித்தனர். அவர்களுள் ஒருவரான றொபேட் நொக்ஸ் தப்பியது 1679இல். இலங்கை வரலாற்றுக்கு அவரது நூல் கிடைத்தது, ஒரு நவம்பர்ப் புயலின் விளைவாலன்றோ!

அதே கொட்டியாரக் குடாவின் தென்கரையில் சம்பூர் இருக்கிறது. 2006இல் போரினால் அவ்வூர் மக்கள் வெளியேறினர். பின்னர் அந்நிலம் உயர் பாதுகாப்பு வலயமாக்கப்பட்டது. அவர்கள் மீளத் தொடங்கியது 2015இலேயே. பத்திரிகைகளில் இடப்பெயர்வைத் தலைக்கணக்கிலேயே எழுதி வந்தோம். நான் அதைப் போகக் கணக்கிலும் கூற விரும்புகிறேன். ஆண்டுக்குப் பெரும்போகம், சிறுபோகம் என இரண்டு. ஒன்பது ஆண்டுகளுக்குப் பதினெட்டு.

வீட்டில் எடுத்துவைக்கும் மிளகாய் விதை இரண்டு மூன்று ஆண்டுகளில் முளைப்புத் திறனை இழக்கத் தொடங்கும். சில ஆண்டுகளுக்கொருமுறையேனும் விதைத்தாலன்றி ஊரின் விதை ஊரில் நிலைக்காது. உறைபனி ஒரு போகத்தை அழிக்கும். அடுத்த ஆண்டு மீண்டும் நடலாம். ஊரே இல்லாத ஒன்பது ஆண்டுகளில், மழை தன் நாளில் வந்து போயிற்று. விதை போடத்தான் எவருமில்லை.